எண் குறைந்தால் யாரும் போன் செய்வதில்லை

குற்ற ஆவணப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் மாதமே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிடுவார். மாதக் கடைசியில் ஒவ்வொரு காவல் நிலையத்திலிருந்தும் எண்கள் வரும். திருட்டு இத்தனை, வழிப்பறி இத்தனை, அடிதடி இத்தனை என்று. அதைப் போன வருடம் இதே மாதத்து எண்ணோடு வைத்துப் பார்ப்போம். எங்கே ஏறியிருக்கிறதோ அந்த நிலையத்துக்கு உடனே போன் போடுவோம். “என்னங்க, தப்பா ஏத்திட்டீங்களா?” என்று கேட்போம். குறைந்திருந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நல்ல செய்தியை எதற்குக் கிளற வேண்டும்?

இந்தப் பழக்கத்தை உங்களுக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லித் தரமாட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத் தானாக வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதை விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அறிவுரை என்று நினைத்தால் புரட்டிவிட்டுப் போங்கள். எனக்கு இது வேறு. ஓய்வு பெற்ற பிறகும் தொண்டையில் நின்றுகொண்டிருக்கும் ஒரு விஷயம்.

நான் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். காக்கி போட்ட காலத்தில் பெரும்பகுதி திருடனைத் துரத்தியதல்ல, திருட்டை எண்ணியதுதான். ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் திருப்பூர் வந்து எண்ணிவிட்டுத் திரும்புவேன். என் மனைவிக்கு இதில் தீராத கிண்டல். ஒரு முறை வாசலில் விட்ட செருப்பு காணாமல் போனபோது, “எண்ணத் தெரிஞ்ச போலீசு ஊட்டுலயே இருக்குது. செருப்பு ரெண்டுன்னு எழுதிக்கச் சொல்லுங்க” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். எனக்கு முன்கோபம் உண்டு. அன்று மட்டும் கோபம் வரவில்லை, உண்மை என்பதால்.

எங்கள் ஊர்ச் செல்போன்களைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் செல்போன்கள் தாமாகவே கீழே விழும். நம்ப முடியவில்லையா? நிலையங்களில் கொடுக்கப்பட்ட மனு ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். ‘நடந்து செல்கையில் தவறி விழுந்துவிட்டது’, ‘பேருந்தில் எங்கேயோ தவறிவிட்டது’ என்று வரிசையாக இருக்கும். பைக்கில் வந்தவன் பிடுங்கிக்கொண்டு போனான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறவர், தவறவிட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போவார். பிடுங்கினான் என்றால் முதல் தகவல் அறிக்கை போட வேண்டும். போட்டால் அது குற்றம். குற்றம் என்றால் எங்கள் அட்டவணையில் ஏறும். தவறி விழுந்ததற்கு மனு ரசீது போதும், அது எங்கள் அட்டவணையின் வாசலைக்கூட மிதிக்காது. கேட்டு வருகிறவருக்கும் புது சிம் வாங்க ஒரு காகிதம் கிடைத்தால் போதும். இப்படி இரண்டு பக்கத்துக்கும் வசதியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஏற்பாட்டில்தான் அந்த எண் வந்து விழுந்தது.

எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். சுற்றிலும் பின்னலாடைக் கம்பெனிகள், கம்பெனிகளைச் சுற்றி வரிசை வீடுகள், வரிசை வீடுகளில் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள். அப்படி ஒரு நிலையம். அங்கே வழிப்பறியும் திருட்டும் திடீரென்று ஏறியிருந்தன. கை தானாகப் போனுக்குப் போனது. அங்கே புதிதாக ஒரு பெண் ஆய்வாளர் வந்திருந்தார். தெற்கத்திக்காரர், என்னைவிட வயதில் மிகவும் சிறியவர், பதவியில் பெரியவர். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

“ஏனுங்க மேடம், ரைட்டர் தப்பா ஏத்திட்டாருங்களா?”

“தப்பில்ல அண்ணாச்சி.” முதல் பேச்சிலேயே அண்ணாச்சி ஆகிவிட்டேன். “கூடிட்டுன்னு கோவமா? ஞாயித்துக்கிழம ஒரு நடை வந்து பாருங்க. பாத்துட்டு ஏசுங்க.”

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டனைத் தவிர எதற்கும் வெளியே கிளம்புவதில்லை. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் ஒரு சவால் இருந்தது. போனேன்.

நிலையத்துக்குப் பக்கவாட்டில், பிடித்து வைத்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் தகரக் கொட்டகையில் ஒரு மேசை போட்டிருந்தார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றைப் பக்கத்தில் கம்பெனி நடத்தும் ஒரு முதலாளி கொடுத்தாராம். நாற்காலிகளில் பையன்களும் பெண்களும் ஆளுக்கொரு காலி செல்போன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவில்தான் போனின் அடையாள எண் இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மேடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஏட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பெயர் ரஷ்மிதா. ஒடிசாக்காரி. நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறாள். தமிழை இங்கேதான் கற்றிருக்கிறாள். அதனால் எந்த வார்த்தைக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ போட்டுவிடுவாள், திட்டும்போதுகூட. அவளுடைய போனைக் கம்பெனிச் சுவர் முடிகிற வளைவில் ஒருவன் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். நிலையத்துக்கு வந்திருக்கிறாள். நாளைக்கு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு வந்திருக்கிறாள். அப்போதும் நாளைக்கு வா. மேடம் புதிதாக வந்தபோது இதே பெண் மறுபடியும் வாசலில் நின்றிருக்கிறாள்.

“நான் கேட்டேன் அண்ணாச்சி, ஏன்டியம்மா எப்பப் பாத்தாலும் ஞாயித்துக்கிழமயே வந்து நிக்கேன்னு. நீயே சொல்லு ரஷ்மிதா.”

ரஷ்மிதா வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். “மத்த நாளு ஒன்றரை ஷிப்டுங்க சார். லீவு போட்டா சம்பளமும் போயிருமுங்க, இன்சென்டிவும் போயிருமுங்க. ஞாயித்துக்கிழமை வந்தா, நாளைக்கு வாங்கறாங்க. நாளைக்குத் திங்கக்கிழமைங்க.”

அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடம் எண்ணிய எனக்கு இது தோன்றவில்லை. இந்த ஊரில் தொழிலாளிக்கு ஓய்வு ஞாயிறு ஒருநாள். அன்றைக்குத்தான் நிலையத்திலும் ஆள் குறைவு, வருகிறவர்களைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுவார்கள். திங்கட்கிழமை அவன் மிஷினில் உட்கார்ந்திருப்பான். ஆக அவனுக்கு நடந்த எதுவும் நடந்ததாகவே ஆகாது. நாங்களும் அட்டவணை போட்டு, இந்தப் பகுதி அமைதியான பகுதி என்று மேலே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மேடம் செய்தது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போட்டார். பிடுங்கினான் என்று சொன்னால் பிடுங்கினான் என்றே எழுதினார். சில மாதங்களில் எழுதியதையெல்லாம் வைத்துப் பார்த்தால் பாதிச் சம்பவங்கள் அந்தக் கம்பெனிச் சுவர் வளைவிலேயே நடந்திருந்தன. ஷிப்ட் விடுகிற நேரத்தில் அங்கே ஒரு காவலரைச் சாதாரண உடையில் நிற்க வைத்தார். பிடுங்குகிறவன் அகப்பட்டான். ரஷ்மிதாவின் போன் கிடைக்கவில்லை, விற்றுத் தீர்த்துவிட்டான். ஆனாலும் அவள் அந்த மேசையை விட்டுப் போகவில்லை. ஞாயிறு தவறாமல் வந்து மொழிபெயர்த்தாள். வரிசை வீடுகளில் அறை அறையாகப் போய், எழுதுகிறார்கள், வாருங்கள் என்று கூட்டிவந்ததும் அவள்தான்.

அன்று திரும்பும்போது மேடம் என்னிடம் ஒன்று கேட்டார். “கூடினா போன் பண்ணுதீய. இதுக்கு முன்ன இவ்வளவு வருசம் கம்மியா இருந்துச்சே, அப்ப ஏன் அண்ணாச்சி ஒருத்தரும் போன் பண்ணல?”

சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மேலதிகாரி அவர்தான். என்னைவிட இளையவர் ஒருவர் எனக்கு வாத்தியார் ஆனது அன்றைக்குத்தான். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அரையாண்டு அட்டவணை வெளியிடும் சமயம் வந்தது. பகுதிவாரியாக எண், அதன் பக்கத்தில் மக்கள்தொகைக்கு இத்தனை என்று விகிதம். இந்த விகிதத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, உங்களுக்கும் வரும், கவனியுங்கள். குற்றத்தின் எண்ணிக்கை இன்றையது. அதை வகுக்கும் மக்கள்தொகையோ பழைய கணக்கெடுப்பில் உள்ளது. இடையில் வந்து குடியேறியவர்கள் அதில் இல்லை. ரஷ்மிதாவின் போன் பறிபோனது திருப்பூர்க் கணக்கில் இருக்கிறது. ரஷ்மிதா திருப்பூர்க் கணக்கில் இல்லை. இழப்பு மட்டும் உண்டு, இழந்த ஆள் கிடையாது. அப்படி வகுத்தால் அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு கொள்ளை நடப்பது போல ஒரு விகிதம் வரும். வந்தது.

நான் சும்மா அனுப்பவில்லை. அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதினேன். இந்த நிலையத்தில் பதிவு செய்யும் முறை மாறியுள்ளது, மக்கள்தொகை பழையது, ஆகவே இந்த உயர்வைக் குற்றம் பெருகியதாகக் கொள்ள வேண்டாம் என்று. சுத்தமான தமிழில், தெளிவாக எழுதினேன். வெளியான அன்று யாரோ அதைச் செல்போனில் படமெடுத்து அனுப்பினார்கள். அட்டவணை மட்டும் படத்தில் நன்றாக விழுந்திருந்தது. குறிப்பு விழவில்லை. மதியத்துக்குள் அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றியது. மறுநாள் உள்ளூர்ச் செய்திகளில் அந்தப் பகுதி குற்றங்களின் கூடாரம் ஆகிவிட்டது. யார் மேலும் பழி போட முடியாது. படம் எடுக்கிறவர்கள் அடிக்குறிப்பையும் சேர்த்து எடுப்பார்கள் என்று நான் நம்பியது என் பேராசை.

நாற்காலி கொடுத்த முதலாளி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டாமல், மரியாதையாக ஓரத்தில் நின்றார்.

“ஏனுங்க, நான் குத்தம் சொல்ல வரலீங்க. அந்தம்மா பண்றது நல்ல காரியம், எங்க புள்ளைங்களை நானே அனுப்பி உட்டனுங்க. ஆனா எங்ககிட்டத் துணி வாங்கற வெளிநாட்டு பையரு இந்தப் படத்தை அனுப்பி, உங்க ஊர்ல லேபருக்குப் பாதுகாப்பு இல்லியாமான்னு கேக்கறானுங்க. நான் என்னன்னு சொல்றதுங்க? முன்ன எழுதல, இப்ப எழுதறாங்கன்னு சொன்னா, முன்ன ஏன் எழுதலீன்னு கேப்பானுங்க.”

நியாயமான கவலைதான். அவருக்குக் குறிப்பின் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். அதை அவர் என்ன செய்தார் என்று தெரியாது.

அடுத்து வந்தது மாதாந்திரக் கிரைம் மீட்டிங். இப்படியொரு கூட்டத்தில் நீங்கள் ஓரமாக உட்கார்ந்து, திரையில் அட்டவணைகளைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்களில் பலருக்கு அது ஒரு நிம்மதி. எனக்கு அன்று அந்த நிம்மதி இல்லை. தலைமை தாங்கிய அதிகாரி திரையில் சிவப்பாகத் தெரிந்த எண்ணைக் காட்டி மேடத்தை எழுப்பினார்.

“என்னம்மா நடக்குது உங்க ஏரியாவுல? எல்லாரும் கன்ட்ரோல் பண்றாங்க, உங்களுக்கு மட்டும் ஏறிக்கிட்டே போகுது.”

“வர்ற புகாரைப் பதிவு பண்ணுதோம் சார். அதான் கூடுது.”

“அப்ப மத்த ஸ்டேஷன்ல பதிவு பண்றதில்லையா?”

அந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? ஆமாம் என்றால் அறையில் இருந்த அத்தனை பேரையும் பகைக்க வேண்டும். இல்லை என்றால் அவர் பகுதியில்தான் குற்றம் பெருகியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மேடம் தலை குனியவில்லை. நேராகத்தான் நின்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. முன்கோபம் என்று சொன்னேன் அல்லவா, அது எழுந்தது. கையில் ஆதாரமும் இருந்தது. கிழமைவாரியாகப் பிரித்த ஒரு அட்டவணையை ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்தேன். கேட்காமலே எழுந்து அதைத் திரையில் போட்டேன்.

“சார், மன்னிக்கணுங்க. குத்தம் ஏறலீங்க. மேடம் ஞாயித்துக்கிழமை தனியா மேசை போட்டு எழுதறாங்க. ஏறினது முழுக்க அந்த ஒருநாள்தானுங்க. ஞாயித்துக்கிழமையை எடுத்துட்டுப் பாத்தா போன வருசத்து எண்ணேதானுங்க வருது.”

எவ்வளவு அழகான வாதம்! எனக்கே பெருமையாக இருந்தது. உயர்வுக்கான காரணத்தை அத்தனை துல்லியமாக, ஒரு கிழமைக்குள் அடக்கிக் காட்டிய ஆள் அந்த அறையில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமையை எடுத்துட்டா சரியாயிடுமா?”

“ஆமாங்க சார்.”

“அப்ப எடுத்துடலாமே.”

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே ஒரு பிரச்சினை தீர்ந்த நிம்மதி. அடுத்த நிலையத்துக்குப் போங்கள் என்றார். நான் அடுத்த அட்டவணையைப் போட்டேன். போட்டபோது மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை என்று இன்றுவரை நினைக்கிறேன்.

விடுமுறை நாட்களில் ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லி ஞாயிறு மேசை நின்றது, வளைவில் நின்ற காவலரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் வழக்கமான இடமாறுதல் பட்டியலில் மேடத்தின் பெயரும் வந்தது. தண்டனை என்று எங்கேயும் இல்லை. வேறு மாவட்டம், அதே பதவி. புறப்படுவதற்கு முன் போனில் கூப்பிட்டார். நான் என் வாய்க்கொழுப்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

“விடுங்க அண்ணாச்சி. நீங்க எனக்காகத்தான் பேசினிய, எனக்குத் தெரியும். ஆனா அந்த இடத்துல கணக்கப் பேசியிருக்கப்பிடாது. ரஷ்மிதாவப் பேசியிருக்கணும். கணக்குல இருந்து எதையும் கழிச்சிரலாம். அந்தப் பிள்ளய எப்படிக் கழிப்பாவ?”

தம்பி, தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற ஒரே தொழில் ரகசியம் இதுதான், அதுவும் என்னுடையது இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு எண்ணை எண்ணால் காப்பாற்றத்தான் தெரியும். யாராவது எண்ணைத் தாக்கினால் இன்னொரு அட்டவணையை எடுத்து வீசுவோம். எதிரில் இருப்பவருக்கோ அது வெறும் கழித்தல் கணக்கு. ஒரு எண் ஏன் ஏறியது என்று சொல்வதற்கு முன்னால், அதை எப்படி இறக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறோமா என்று யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி நான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் நான் என் கண்ணால் பார்த்தவர்கள். அட்டவணைதான் முந்திக்கொண்டு வந்தது.

அடுத்த அரையாண்டில் அந்த நிலையத்தின் எண்கள் பொலபொலவென்று இறங்கின. நான் சொன்னபடியே, ஞாயிற்றுக்கிழமையை எடுத்ததும் பழைய எண் வந்துவிட்டது. அட்டவணையில் பச்சை நிறம். குற்றங்களைக் கட்டுப்படுத்தியதற்காக நிலையத்துக்குக் கூட்டத்தில் ஒரு பாராட்டுச் சான்றிதழ். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை சும்மா இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்பாரே. ஆளுக்கொரு இனிப்பு டப்பா கொடுத்தார்கள்.

அந்த டப்பாவோடுதான் அன்று மாலை திருப்பூர் ரயில் நிலையத்தில் ஊத்துக்குளி வண்டிக்கு நின்றிருந்தேன். வடக்கே போகும் ரயிலுக்காக மூட்டை முடிச்சுகளோடு ஒரு பெரிய கூட்டம். கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“சார்! நல்லா இருக்கீங்களாங்க?”

ரஷ்மிதா. அவளுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பெண், வலது கையில் மாவுக்கட்டு. அறைத்தோழியாம், பெயர் லிப்சா. அவளை ஊருக்கு அனுப்பி வைக்க ரஷ்மிதா வந்திருக்கிறாள்.

“கையில என்ன?” என்று கேட்டேன்.

“அதே வளைவுங்க சார். கம்பெனிச் சுவரு முடியற இடம். பைக்ல வந்து பையைப் பிடிச்சு இழுத்தாங்க. இவ விடலீங்க. கூடவே கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போயிட்டாங்க. மணிக்கட்டு உடைஞ்சு போச்சுங்க. டாக்டரு, பழையபடி மிஷின் ஓட்ட முடியுமான்னு இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாருங்க.”

“புகார் குடுத்தீங்களா?”

“இல்லீங்க. ஆஸ்பத்திரிலயும் கீழே விழுந்துட்டேன்னுதானுங்க சொன்னா.”

எனக்கு அந்தப் பழைய செல்போன்கள் ஞாபகம் வந்தன. இப்போது மனிதர்களும் தாமாகவே விழ ஆரம்பித்துவிட்டார்கள்.

“இப்பவே வாங்க கண்ணு. இதோ, இந்த ஸ்டேஷன்லயே ரயில்வே போலீசு இருக்குது. எங்க நடந்திருந்தாலும் எழுதி வாங்கியே ஆகோணும். நான் கூட வர்றேன்” என்றேன்.

ரஷ்மிதா அதை லிப்சாவுக்கு மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னாள். ரஷ்மிதா அதை உடனே எனக்குச் சொல்லவில்லை.

“என்ன சொல்றா?”

“நாங்க எழுதி எழுதித்தானே மேடத்தை அனுப்பிட்டாங்கன்னு சொல்றாங்க சார். எங்க ரூம் லைன்ல எல்லாரும் அதைத்தானுங்க பேசறாங்க. இனிமே யாரும் போகக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்குதுங்க.” லிப்சாவின் மூட்டையைக் கை மாற்றிக்கொண்டே தொடர்ந்தாள். “நான்தானுங்க சார் ரூம் ரூமாப் போயி எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன். நான் கூட்டிட்டு வரலைன்னா மேடம் இங்கயே இருந்திருப்பாங்க, இல்லீங்களா?”

இத்தனை வருடம் எத்தனையோ மேலதிகாரிகளின் கேள்விக்குப் பதில் சொன்ன வாய். “உங்களால இல்லை கண்ணு. அது நான் ஒரு கூட்டத்துல பேசின பேச்சால” என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. வயசானவர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

ரயில் வந்துவிட்டது. கூட்டம் முன்பதிவில்லாத பெட்டியை நோக்கி ஓடியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த இனிப்பு டப்பாவை லிப்சாவிடம் நீட்டினேன், வழியில் சாப்பிடட்டும் என்று. அவள் இடது கையால் வாங்கினாள். வாங்கிவிட்டு, தவறு செய்துவிட்டது போல் ரஷ்மிதாவிடம் வேகமாக ஏதோ சொன்னாள்.

“இடது கையில வாங்கினதுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றாங்க சார்.”

அது எதற்காகக் கொடுத்த இனிப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. பெட்டிக் கதவருகே டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வண்டி வந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அந்த நிலையத்தின் எண்கள் வந்தன. வழிப்பறி: நில். ஒன்றுகூட இல்லை என்பதற்கு எங்கள் அலுவலக ஆங்கிலம் அது. குறைந்த எண்ணுக்குப் போன் செய்யும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. முதல்முறையாக நான் செய்தேன். நிலைய ரைட்டர் எடுத்தார். நல்ல மனிதர், எனக்கு வெகுநாள் பழக்கம்.

“என்னங்க சார், நில்லுக்கும் போன் பண்றீங்க? தப்பா ஏறலீங்க, சரியாத்தான் இருக்குது.”

“கம்பெனிச் சுவர் வளைவுல ஒரு புள்ளைக்குக் கை உடைஞ்சிருக்குதுங்க. பையைப் பிடுங்கியிருக்கறாங்க.”

“அப்படீங்களா? புகார் குடுத்திருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு?”

“கீழ விழுந்ததுன்னு இருக்குமுங்க.”

“அந்தப் புள்ளை இப்ப எங்கீங்க?”

“ஒடிசாவுக்குப் போயிருச்சுங்க.”

நானே புகார் எழுதித் தருகிறேன் என்றேன்.

“நீங்க பாத்தீங்களா சார்?” என்று கேட்டார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே ஒரு வழி தேடுகிற குரலில்தான் கேட்டார்.

பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கையைத்தான் பார்த்தேன். அதை அவரிடம் சொன்னேன். “அப்பறம் எப்படிங்க சார் எழுதறது?” என்றார்.

அவர் கேட்டதில் தவறு இல்லை. எங்கள் விதிப்படி அந்த மாதம் அந்த வளைவில் ஒன்றும் நடக்கவில்லை. வணக்கம் சொல்லிப் போனை வைத்துவிட்டு, வழிப்பறிக்கு நேரே நில் என்று நானே ஏற்றினேன்.